கிணற்றுக்கு நடுவே ஒரு சுவர்

வில்லியனூரில் எங்கள் பழைய வீட்டுக் கிணறு அரைக் கிணறு. வெட்டும்போது முழுக் கிணறாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். பிற்பாடு அதன் வாய்க்கு மேலே, சரியாக நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வந்துவிட்டது. இந்தப் பக்கம் எங்கள் உருளை, அந்தப் பக்கம் அவர்கள் உருளை. கீழே தண்ணீர் ஒன்றுதான். காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து வாளி தண்ணீரில் மொத்தென்று விழும். கயிறு தெரியும், வாளி தெரியும், இறைக்கிற கை தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததை ஊரில் ‘சைகோன் வீடு’ என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்து சொந்தக்காரர் யாரும் அங்கே இருந்ததில்லை, வாடகைக்காரர்கள்தான். சுவர் ஏன் வந்தது என்று கேட்டால் எங்கள் ஆயா சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: “பெரியவரு சாதிய வித்துட்டு சொல்தாவோட சொல்தாவா கப்பல் ஏறிட்டாரு. நம்ம பெரியவரு அந்தத் தண்ணி நமக்கு வேணாம்னு சுவரு எழுப்பிட்டாரு.”

எழுபது வயது வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேண்டாமென்றால் பாதிக் கிணற்றை ஏன் வைத்துக்கொண்டார் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக் கதைக்கு முன்னால் ஊர்க் கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இது புரியாது.

புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஊர் வில்லியனூர். வில்வநல்லூர் என்பதே வில்லியனூர் ஆனது என்பார்கள். திருக்காமீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கோயில். வைகாசித் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்ததும், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தா சாகிப் துய்ப்ளேக்சுக்கு வில்லியனூர், பாகூர் பகுதிகளைக் கொடுத்தது 1749இல். பதினோரு வருஷம் கழித்து, 1760இல், கூட்டின் ஆங்கிலப் படை இங்கே வந்து உட்கார்ந்தது. அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அப்புறம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வருவதும் ஆங்கிலேயர் கைக்குப் போவதுமாக இருந்து, 1816க்குப் பிறகு நிலையாக பிரெஞ்சுக்காரரிடம் நின்றது. ‘வில்லெநூர்’ என்று காகிதங்களில் எழுதினார்கள்.

எங்களுக்கு வேண்டிய காலம் அதற்கும் அறுபது வருஷம் பின்னால். 1876, 77: தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான் வில்லியனூரில் லூர்து மாதா கோயில் எழுந்தது. பிரான்சில் லூர்து நகரில் காட்சி கண்டதாகச் சொன்னது 1858இல். இருபது வருஷம்கூட ஆகவில்லை, 1877இல் அந்த மாதா சுரூபம் கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்துவிட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது, வில்லியனூரில் நின்றது. 1880இல் கொம்யூன்கள் ஏற்பட்டபோது வில்லியனூரும் ஒரு கொம்யூன் ஆகி, அதற்கு ஒரு மேரும் ஒரு ‘மேரி’யும் வந்தன. அதே வருஷம் எத்தா சிவில் சட்டமும் இந்தியர்களுக்கு வந்தது. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் போய் எழுத வேண்டும். அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்த ஒரே எழுத்து, சாமியார் லத்தீனில் எழுதிவைத்த ஞானஸ்நானப் புத்தகம்.

ஐந்து வருஷத்துக்குள் ஒரு சின்ன ஊருக்கு இத்தனையும் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதெல்லாம் போதாதென்று 1881 செப்டம்பர் 21ஆம் தேதி அந்த ஆணையும் வந்தது.

ரெனோன்சான் என்ற சொல்லை நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1819 ஜனவரி 6ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் உத்தரவாதம் தந்திருந்தது: இந்தியர்களுக்கு அவரவர் சட்டமும் சாதி வழக்கமும்தான் செல்லும் என்று. கிறிஸ்தவர்கள் என்பதால் நாங்கள் விதிவிலக்கு இல்லை. சொத்து, பாகம், கல்யாணம் எல்லாம் இந்து வழக்கப்படிதான் நடந்தன. சந்தேகம் வந்தால் கோர்ட்டுக்கு ஆலோசனை சொல்ல 1827 முதல் ஒரு குழுவும் இருந்தது. 1881 ஆணை சொன்னது இது: விருப்பமுள்ள இந்தியர், ஆணோ பெண்ணோ, எந்த மதமோ எந்தச் சாதியோ, தன் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். சாட்சிகளோடு போய்ச் சொல்ல வேண்டும். அரசிதழில் அச்சாகும். ஒரு தடவை வந்தால் திரும்பிப் போக முடியாது, வம்சத்துக்கே அப்படித்தான்.

இதற்கு முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் கோர்ட்டுக்குள் ஐரோப்பிய பூட்சோடு போய் நின்ற வக்கீல். கழற்று என்றார்கள். மாட்டேன் என்று பாரிஸ் வரை போய் ஜெயித்தார். துறப்பு வந்ததும் ‘லாபோர்த்’ என்று பெயர் எடுத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். நல்ல பெயர்தான். எதிர்ப்பக்கம் நின்றவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். அவர் ஆட்கள் தேர்தலில் செய்த கூத்தை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். 1884இல் வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர்.

துறந்தவர்களில் அதிகம் பேர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், அதிலும் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு இழப்பதற்கு என்ன இருந்தது? ‘சாதிக் கிறிஸ்தவர்கள்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் நகரவில்லை. நாங்கள் அந்த வகை. கோயிலில் ஒரே நற்கருணை, பந்தியில் வேறு வேறு இலை. இந்த விஷயத்தில் புதுச்சேரிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சம்பா கோயிலில் சாதி பிரித்து நின்ற ஒரு சுவரை 1745இல் இடித்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சுவர் இடிந்தது. பிரிவினை இடிய இன்னும் நூற்றுக்கணக்கான வருஷம் பிடித்தது.

அதனால் ஆயா சொன்ன கதை எனக்குப் பொருத்தமாகவே பட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் துறந்து, பிரெஞ்சுப் பெயர் எடுத்து, சைகோனில் சுங்க இலாகாவில் வேலைக்குப் போனார். துறந்தவர்களுக்கு அங்கே பிரெஞ்சுக் குடிமகன் என்ற மரியாதையும் சம்பளமும் கிடைத்தது. போலீசு, சிறை, வரி வசூல், தபால் என்று கொச்சின் சீனாவில் நம் ஊர்க்காரர்கள் நிறைந்திருந்த காலம். தம்பி, என் கொள்ளுத் தாத்தா, மாதா கோயில் பக்கத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்துவிட்டார். அண்ணன் எடுத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரோடு பலர் இன்றும் இருக்கிறார்கள்.

இனி 1962. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்ததும், நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியதும் உங்களுக்குத் தெரியும். கீழூர் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் தானாக இந்தியர். துறக்காதவர்களுக்கும் அந்த உரிமை இருந்தது, இதைப் பலர் இன்னும் தப்பாகவே சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேர் அளவில். கிராமத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். ரோடியர் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தார், பிரெஞ்சு படிப்பார். அந்தத் தாளை வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தார், நான் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் சீனச் சண்டை வந்தது. அம்மா ஒரு மோதிரத்தைப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்தார். அதே மாதத்தில் போய் ‘நான் பிரெஞ்சுக்காரனாகவே இருந்துகொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. பிப்ரவரி தாண்டியதும் தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதினார்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தத் தாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு ஓயவில்லை. தெருவில் ஒரு சொல்தா புது வீடு கட்டினால் பேச்சு. யாராவது பாரிசிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினால் பேச்சு. என் மகன் வேலை தேடி அலைந்தபோது என்னிடமே கேட்டான், “தாத்தா ஏம்பா எழுதிக் குடுக்கல?” நான் கோபம் வந்தபோதெல்லாம் அப்பாவை விட்டுவிட்டு அதற்கு மேலே போவேன். எல்லாவற்றுக்கும் காரணம் கொள்ளுத் தாத்தாவின் வீம்பு, அன்றைக்கே அண்ணனோடு சேர்ந்து துறந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்பேன். அண்ணன் பக்கம் சாதியை விற்றவர், தம்பி பக்கம் வீம்பு பிடித்தவர். இரண்டு பக்கமும் கதை இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை, நெல்லித்தோப்பில் நான் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஓர் அம்மாள் வந்தார். பாரிசுக்குப் பக்கத்தில் இருப்பவர். தமிழ் பேசுகிறார், சைகோன் வழியாகப் போய் பிரான்சில் வளர்ந்த தமிழ், எங்கள் ஆயா காலத்துச் சொற்கள் அப்படியே உறைந்து நின்ற தமிழ். என் தங்கை விரல் விட்டு முறை எண்ணினாள். பெரியவருக்கு ஒரே மகள், மகளுடைய மகன், அவருடைய மகன், அவருக்கு மகள் இவர். பத்து நிமிஷம் கழித்து நான் மாமா என்று தீர்ப்பானது.

அவர் கையில் தடிமனான ஒரு கோப்பு. பிரான்சில் வம்ச வரலாறு தேடுவது ஒரு பொழுதுபோக்கு. ஓய்வு பெற்றவர்கள் ஊர் ஊராகப் பதிவேடு புரட்டுகிறார்கள். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் குடியேற்ற நாடுகளின் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கிருந்து சிலது, நாந்த் நகரத்து எத்தா சிவில் அலுவலகத்திலிருந்து சிலது, குடும்பப் பெட்டியிலிருந்து சிலது என்று சேர்த்திருந்தார். அவருக்கு பிரெஞ்சு படிக்க வரும், தமிழ்க் கையெழுத்து படிக்க வராது. “மாமா, இதுல தமிழ்ல ஒண்ணு இருக்கு, என்னான்னு பாருங்க.”

பெரியவர் துறந்த பத்திரத்தின் நகல் அது. ஆணை வந்த சில வருஷத்துக்குள் எழுதியது. தன் பெயரும் மனைவி பெயரும் சொல்லி, இன்ன குடும்பப் பெயர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதாக அழகான சாய்வெழுத்து பிரெஞ்சில் பன்னிரண்டு வரி. அடியில் அதிகாரி கையெழுத்து. பெரியவர் கையெழுத்து லத்தீன் எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பழகிக்கொண்டவர் போட்டது. அதற்கும் கீழே சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் பிரெஞ்சில் போட்டிருக்கிறார். மற்றவர் தமிழில், புள்ளி வைக்காத பழைய எழுத்தில். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். என் கொள்ளுத் தாத்தா பெயர். எங்கள் வீட்டுப் பழைய நிலப் பத்திரத்தில் இருக்கிற அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு சுழி சுழித்திருப்பார், அதுகூட.

அண்ணன் சாதியை விற்றதற்கு தம்பியே சாட்சி.

என் தங்கை கேட்டாள், “அப்ப சுவரு எதுக்குண்ணா?”

அந்த அம்மாள் கோப்பைப் புரட்டி இன்னொரு தாளை எடுத்தார். இது அவர்கள் குடும்பப் பெட்டியிலிருந்தது, நொத்தேர் எழுதிய பாகப் பத்திரம். முதல் உலகப் போருக்குச் சில வருஷம் முன்னால். பெரியவர் சைகோனிலேயே செத்துப்போயிருக்கிறார். ஆண் பிள்ளை இல்லை. கொள்ளுத் தாத்தா கணக்குப்படி, வழக்கப்படி, சொத்து முழுசும் தம்பிக்கு. ஆனால் செத்தவர் துறந்தவர். அவருக்குச் செல்வது சிவில் சட்டம், அந்தச் சட்டத்தில் மகள் என்றால் வாரிசு. முப்பது வயது இருக்கலாம் அந்தப் பெண்ணுக்கு. சைகோனிலிருந்து கப்பல் ஏறி வந்து, சித்தப்பாவிடம் என் அப்பன் பாதி எனக்கு என்று நின்றிருக்கிறாள்.

பத்திரத்தை அம்மாள் படிக்கப் படிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். வீடு இரண்டாக. கிழக்குப் பக்கம் அவளுக்கு. தென்னை மரம் எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது, பொது என்று நொத்தேர் எழுத வந்திருக்கிறார். இரு தரப்பும் ஒப்பாமல், கிணற்றின் குறுக்கே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி அனுபவிப்பது, சுவர்ச் செலவு சரிபாதி என்று முடிந்திருக்கிறது.

சுவர் சாதிக்காக வரவில்லை. ஒரு பெண் பங்கு கேட்டதற்காக வந்தது. அண்ணன் பிரெஞ்சுக்காரன் ஆனபோது கூடவே போய்க் கையெழுத்துப் போட்டவர், அந்தக் கையெழுத்தின் பலனை அண்ணன் மகள் கேட்டபோது கொத்தனாரைக் கூப்பிட்டார். அதன் பிறகு சாதிக் கதை எப்படிக் கிளம்பியது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அண்ணன் மகள் பங்கைக் கொடுக்க மனமில்லை என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? சாதியைக் காப்பாற்றினேன் என்றால் அந்தக் காலத்தில் அது கௌரவம். ஆயா அதைத்தான் எங்களுக்குச் சோற்றோடு ஊட்டினாள். ஆயாவைக் குறை சொல்லமாட்டேன். அவளும் பிறந்த வீட்டிலிருந்து ஒரு காணி நிலம் வாங்காமல் வந்தவள்தான்.

ஒரு விஷயத்தை நேர்மையாக எழுத வேண்டும். துறக்காத குடும்பங்களில் பெண்ணுக்குச் சீர் உண்டு, நிலம் கிடையாது. அப்பாவோடு பிறந்த அத்தைகள் மூன்று பேர், ஒருத்திக்கும் பங்கு இல்லை. அப்பா காலமான பிறகு நானும் என் தம்பியும் வில்லியனூர் நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். தங்கையிடம் ஒரு கையெழுத்து வாங்கினோம். ‘வழக்கம்தானே’ என்று சொல்லித்தான் வாங்கினோம், அவளும் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தேன், நல்ல விலைப் புடவை. 1881 ஆணையைப் பற்றி, வாக்காளர் பட்டியலைப் பற்றி, குடியுரிமையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறோம். அந்தச் சட்டம் மாறினால் வீட்டுப் பெண்களுக்கு என்ன மாறும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. துறந்த வீடுகளில் பேசியிருப்பார்கள்.

மறுநாள் மூவரும் வில்லியனூர் போனோம். முதலில் மாதா கோயில். அம்மாள் குளத்தில் இறங்கித் தண்ணீர் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். லூர்து நகரத்துத் தண்ணீர் இதில் கலந்திருக்கிறது என்றேன். லூர்துக்குப் போனபோது இந்தக் குளத்தை அவர்கள் வீட்டில் சொன்னார்களாம். பிறகு பங்குச் சாமியாரிடம் சொல்லி ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தோம். அந்த மகளின் பதிவு இருந்தது. ஞானத் தகப்பன் என்ற இடத்தில் மறுபடியும் கொள்ளுத் தாத்தாவின் பெயர். தொட்டுத் தூக்கி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த பிள்ளையோடுதான் பிற்பாடு சுவர்.

வீட்டை நாங்கள் விற்றுப் பல வருஷம் ஆகிறது, அவர்கள் பாதியும் கைமாறிவிட்டது. இரண்டையும் ஒருவரே வாங்கி இடித்து மாடி கட்டியிருக்கிறார். கிணறு இருந்த இடத்தில் சிமென்ட் பலகை போட்டு மூடி, மேலே மோட்டார் வைத்திருந்தார்கள். சுவர் இல்லை. வீட்டுக்கார அம்மாள் நல்லவர், உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். கோடையிலும் வற்றாதாம், உப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.

பாரிசு அம்மாள் பலகையைப் பல கோணத்தில் படம் எடுத்தார். எங்கள் பக்கம் எது, அவர்கள் பக்கம் எது என்று கேட்டார். மோட்டாருக்கு வலப்பக்கம் உங்களுடையது என்று காலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் போய் வலப்பக்கம் நின்றார்.

என் தங்கை எங்கே நிற்பது என்று தெரியாமல் மோர் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: “அண்ணா, அந்தப் பத்திரத்த எனக்கும் ஒரு நகல் எடுத்துக் குடு. என் பொண்ணுகிட்ட காட்டணும்.”

எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.